மானிட்டர் இல்லாமல் ராஸ்பெர்ரி பையை எப்படித் தொடங்குவது?

காரைக்குடியில் பழைய வீட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைபேசியில் பார்க்க ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியை வாங்கியிருக்கிறீர்கள், மானிட்டரும் கீபோர்டும் இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். அவை இரண்டுமே வேண்டாம்.

லேப்டாப்பில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளை நிறுவி, மெமரி கார்டில் பையின் இயங்குதளமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் லைட் பதிப்பை (திரை இடைமுகம் இல்லாதது) எழுதுங்கள். அதற்கு முன் வரும் அமைப்புப் பக்கத்திலேயே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம் எல்லாம் கொடுத்து எஸ்எஸ்எச்சையும் (லேப்டாப்பிலிருந்தே நெட்வொர்க் வழியாகப் பைக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) இயக்கிவிடுங்கள். பழைய வீடியோக்களில் காட்டும் 'பை' என்ற பொதுக் கணக்கை 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள், அதை வைத்து முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். மின்சாரத்துக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்தான், பழைய போன் சார்ஜர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வைஃபை. நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் தடிமன் உங்களுக்கே தெரியும், ரவுட்டர் முகப்பில் இருந்தால் இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் சிக்னல் செத்துவிடும், அதனால் வளவு (நடு முற்றப் பகுதி) ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுவதே நல்லது.

சென்சாரில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். நீர்மட்டத்தை ஒலி எதிரொலித்து வரும் நேரத்தால் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் (பதில் சிக்னல் வரும் முனை) 5 வோல்ட் தரும், பையின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நேராக மாட்டினால் போர்டே போய்விடலாம். எக்கோவுக்கும் பைக்கும் நடுவில் 1 கிலோ ஓம், அந்த இணைப்பிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.

கடைசியாக, கருவிகளுக்கிடையே சிறு செய்திகளை அனுப்பும் எம்க்யூடிடி முறைக்கான சர்வர் மென்பொருளான மொஸ்கிட்டோவைப் பையில் நிறுவி, வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளும் இணையும்படி அதை அமைத்து, அளவை எம்க்யூடிடி வழியே அனுப்பினால், வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசியில் ஏதாவது எம்க்யூடிடி செயலியிலேயே பார்க்கலாம்.