வசன வரிகள் படிக்க இயலாத தந்தைக்கு ஏற்ற ஆவணப்படம்

வணக்கம். வசன வரிகளைப் படிக்கச் சிரமப்படும் உங்கள் தந்தை, ஆவணப்படம் என்றாலே செய்திச்சுருள் என்று எண்ணி எழுந்துவிடுகிறார் என எழுதியிருந்தீர்கள். முதலில் 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தைப் போடுங்கள். 2023-இல் ஆஸ்கர் பெற்ற இக்குறும்படம் ஏறத்தாழ 40 நிமிடமே ஓடும். முதுமலையில் தாயை இழந்த யானைக்குட்டி ரகுவை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் தமிழிலேயே பேசுவதால், அவர் எதையும் படிக்க வேண்டியதில்லை.

அது பிடித்துப்போனால் 'ஹனிலேண்ட்' (2019) பாருங்கள். என் மனத்துக்கு மிக நெருக்கமான படம் இதுதான். வடக்கு மாசிடோனியாவின் மலைக்கிராமத்தில் நோயுற்ற தாயுடன் வாழும் ஹதீஜே என்ற பெண், தேனில் பாதியை எடுத்து மீதியைத் தேனீக்களுக்கே விட்டுவைப்பவர். அருகே குடியேறும் குடும்பம் பேராசையால் அந்த ஒழுங்கைக் குலைக்கும்போது அவர் முகத்தில் படரும் வேதனையை எவரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்னணி விவரிப்புக் குரலும் இல்லை. படக்குழுவினர் அவர் பேசிய மொழி தெரியாமலேயே காட்சிகளை நம்பித் தொகுக்கத் தொடங்கியதால், கதை பெரும்பாலும் கண்ணுக்கே புரிந்துவிடுகிறது. தேவையான இடங்களில் மட்டும் நீங்கள் ஓரிரு வரிகளை வாசித்துச் சொல்லுங்கள். தாயின் இறுதி நாட்கள் வரும் பகுதி மிகக் கனமானது. அண்மையில் உங்கள் வீட்டில் இழப்பு நேர்ந்திருந்தால் இதைச் சில காலம் தள்ளிவையுங்கள்.