வாசகர் கேள்வி: கிறுக்கல் சிங்கமும் மாசிக்காய் மையும்

கேள்வி: அண்ணே, மகளுக்கு ஸ்கூல் ஆர்ட் பாடத்துல டெலாக்ருவாங்கற பழைய ஃபிரெஞ்சு ஓவியர் போட்ட பேனா சிங்கம் வந்துச்சு, பாத்தா ஒரே கிறுக்கலா இருக்கு, "இத நானே போடுவேன்"ங்கறா. அப்படி என்னதான் பெருசா இருக்கு அதுல? (வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

போடட்டுமே தங்கச்சி, நான் வேணாங்கல, ஆனா ரப்பர மட்டும் அவகிட்டேர்ந்து வாங்கி வச்சுக்கோங்க. பேனா மையில அழிக்கிற வேலையே கிடையாது, போட்டது போட்டதுதான், அதனாலதான் ஒரே காலுக்கு நாலு கோடு கிடக்கும், சரியா வர்ற வரைக்கும் மேல மேல போட்டுக்கிட்டே போயிருப்பாரு மனுஷன். நமக்கு அது கிறுக்கல், ஆனா கொஞ்சம் தள்ளி வச்சு பாருங்க, தோள்பட்டை கிட்ட கோடு எல்லாம் வளைஞ்சு சதை மேல ஏறி இறங்கும், முடி முடியா வரையாமலே பிடரி வந்துடும். முட்டை முட்டையா சுழிச்சு முதல்ல உடம்போட கனத்த புடிக்கிறது அவரு பழக்கம்.

இன்னொண்ணு, அவரு சிங்கம் பாக்க நம்ம ஆப்பிரிக்கா காட்டுக்கெல்லாம் வரல. 1832ல மொரோக்கோ போனாரு, சரி, ஆனா சிங்கம் புலி வரஞ்சு பழகினது பாரிஸ்ல ஜார்டன் தெ பிளான்ட்ங்கற தோட்டத்து மிருகக்காட்சி கூண்டுக்கு முன்னாடி நின்னுதான். கூடவே பரீனு ஒரு சிற்பி, ரெண்டு பேரும் கூட்டாளிங்க. அங்க ஒரு சிங்கம் செத்தப்போ டெலாக்ருவா பரீக்கு துண்டு சீட்டு எழுதுறாரு, சிங்கம் செத்துடுச்சு ஓடி வா, இந்த காலநிலைக்கு நாம வேகமா வேலைய பாக்கணும்னு! நாத்தம் வர்றதுக்குள்ள முடிக்கணும்ல. தோலுரிச்ச உடம்ப பாத்து எந்த சதை எங்க போய் ஒட்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டவரோட கை அது, அப்புறம் கிறுக்குனாலும் சிங்கமாத்தான் வரும். அவருக்கு முன்னாடி ஜெரிக்கோனு இன்னொரு ஃபிரெஞ்சு ஓவியர், அவருக்கு குதிரைன்னா உயிர், குதிரைல இருந்து விழுந்த அடியும் சேந்து 1824ல 32 வயசுலயே போயிட்டாரு, பாவம்.

கேள்வி: அந்த காலத்து படமெல்லாம் ஏன் பழுப்பா இருக்கு? பழுப்பு மைதான் ஃபேஷனா? (பீனிக்ஸ் வாசகர்)

பாதி ஃபேஷன், பாதி துரு. நம்ம ஆயாங்க கைக்கொழந்தைக்கு கல்லுல உரசி குடுப்பாங்களே மாசிக்காய், அதுவேதான் அந்த மைக்கும் அடிப்படை! ஓக் மரத்துல பூச்சி முட்டை வச்ச எடத்துல காய் மாதிரி வீங்கி வர்றது அது, துவர்ப்பு ஜாஸ்தி. அத ஊற வச்ச தண்ணியில அன்னபேதிங்கற இரும்பு உப்பு கலந்து, மை ஓடிடாம இருக்க வேலம்பிசின் போட்டா தயார். எழுதும்போது வெளிறி இருக்கும், காத்து பட்டா கறுக்கும், நூறு வருஷம் போனா இரும்பு இருக்கறதால பழுப்பாயிடும், சில நேரம் பேப்பரையே அரிச்சு ஓட்டை போட்டுடும். அதனால இன்னிக்கு பழுப்பா தெரியறதுல பல படம் வரஞ்ச அன்னிக்கு கறுப்பு. நெஜமாவே பழுப்பு வேணும்னா கணவாய் மை இருந்துச்சு, விறகு புகைக்கரில செஞ்சதும் இருந்துச்சு. பேனா வாத்து இறகு, அழுத்துனா தடிப்பு, விட்டா மெலிசு.

கேள்வி: நம்ம தென்னாப்பிரிக்கா மிருகங்கள அப்போ யாரும் வரையலையா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வரஞ்சாங்களே. சாமுவேல் டேனியல்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1800 வாக்குல கேப் பக்கம் வந்து சுத்தி வரஞ்சது 1804-05ல லண்டன்ல அச்சாச்சு, குவாகா கூட அதுல இருக்கு. வரிக்குதிரை மாதிரி முன்பாதி மட்டும் வரி போட்டது, கடைசி குவாகா 1883ல ஆம்ஸ்டர்டாம்ல செத்துச்சு. டேனியல் அப்புறம் இலங்கை போயி 1811ல அங்கயே காலமானாரு.

சாட்ஸ்வொர்த் தங்கச்சிக்கு மறுபடி ஒண்ணு, மகளுக்கு சிங்கம் வேணாம், உங்க மாமரத்துக்கு வர்ற குரங்கு போதும், ஜன்னல மட்டும் சாத்திட்டு வரையச் சொல்லுங்க, இல்லாட்டி மேசைல இருக்கற பிரெட்டு போயிடும்.