கோவிட்ல அட்மிட் ஆன அப்பாவுக்கு சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர் எல்லாமே அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு, குணமாக ரொம்ப நாளாகுமா?

நான் லேப்ல வேலை பாக்குறேன், இதே கேள்விய வார்டு வாசல்ல நிக்கறவங்க நிறைய பேர் கேட்டிருக்காங்க. தயவுசெஞ்சு ஒரே ஒரு ரிப்போர்ட்ட வெச்சு ராத்திரி பூரா பயந்துட்டு இருக்காதீங்க. நேத்து எவ்ளோ, இன்னைக்கு எவ்ளோ, ஆக்சிஜன் தேவை கூடுதா குறையுதா, மூணையும் சேத்துப் பாத்தாதான் ஏதாச்சும் தெரியும்.

எல்லாம் ஒண்ணா இறங்காது. சிஆர்பி கல்லீரல்ல உண்டாகுற புரதம், உள்ள இன்ஃப்ளமேஷன் (அழற்சி) அடங்கிட்டா ஏறக்குறைய 19 மணி நேரத்துல ரத்தத்துல இருக்கறது பாதியாயிடும், அதனால ரெண்டு மூணு நாள்லயே நல்லா வித்தியாசம் தெரியும். ஃபெரிட்டின், அதாவது இரும்புச்சத்த சேத்து வைக்கற புரதம், மெதுவா தான் இறங்கும், ஆள் நடந்து வீட்டுக்குப் போனப்புறமும் வாரக்கணக்குல அதிகமாவே இருக்கலாம், டி-டைமரும் (ரத்தக் கட்டி கரையறப்ப வர்ற துணுக்கு) சிலருக்கு அப்படித்தான், போதாக்குறைக்கு அது வயசானாலே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ரொம்பக் குறைஞ்சு போன லிம்ஃபோசைட்ங்கற வெள்ளை அணு மெல்ல ஏற ஆரம்பிச்சா எனக்கே சந்தோஷமா இருக்கும், அது நல்ல அறிகுறி.

ஒண்ணு கவனிங்க, மருந்தும் நம்பர மாத்தும். டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு போட்டா வெள்ளை அணு எண்ணிக்கை கூடும், சுகர் ஏறும், உடனே புதுசா கிருமி வந்துடுச்சுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. டோசிலிசுமாப் ஊசி போட்டிருந்தா இன்னும் குழப்பம், அது ஐஎல்-6ங்கற, இன்ஃப்ளமேஷன தூண்டுற புரதத்தோட வேலைய தடுக்கறதால கல்லீரல் சிஆர்பி உண்டாக்கறதே குறைஞ்சிடும், ஆள் தேறாமலே நம்பர் மட்டும் இறங்கலாம், ரத்தத்துல ஐஎல்-6 அளவோ ஏறிக்கூட காட்டும். அதனால என்ன மருந்து, எந்தத் தேதில போட்டாங்கன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

ரெண்டு லேப் ரிப்போர்ட்ட ஒப்பிட்டா யூனிட் பாருங்க. சிஆர்பி லிட்டருக்கு 100 மில்லிகிராம்னாலும் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம்னாலும் ஒண்ணுதான், இது தெரியாம பத்து மடங்கு ஏறிடுச்சுன்னு அழுதவங்கள பாத்திருக்கேன்.

டிஸ்சார்ஜ் ஆனப்புறம் ஒரு கால் மட்டும் வீங்குது, நெஞ்சு வலிக்குது, திடீர்னு மூச்சு வாங்குதுன்னா ரத்தக் கட்டியா இருக்கலாம், கடைசி ரிப்போர்ட் நார்மலா இருந்துச்சேன்னு யோசிக்காம அப்பாவ உடனே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.