தாலி கட்டும் நேரத்தில் வராதே என்றது யார்?

கேள்வி: என் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம். "அக்கா, தாலி கட்டுற நேரம் கோவிலுக்கு வர வேண்டாம், சாயங்காலம் சாப்பாட்டுக்கு வா" என்று தம்பியே போனில் சொல்லிவிட்டான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். எங்கள் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சொல்லி அழுதால், "இயேசுவையும்தானே தள்ளினார்கள், ஒப்புக்கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். இதையும் கடவுள் தந்த சிலுவை என்று ஏற்கத்தான் வேண்டுமா சாமி?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: வேண்டாம் அம்மா. இது உங்கள் தம்பி தந்தது. கடவுள் கணக்கில் எழுதாதீர்கள்.

அன்பியத்தாரை ரொம்பக் கோபிக்கவும் வேண்டாம். நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். குருப்பட்டம் பெற்ற புதிதில், நாலு வயசுப் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய், "கடவுள் தனக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்" என்றேன். அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்போ உங்களை ஏன் சாமி விட்டு வச்சிருக்காரு?" என்றாள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. குருமடத்தில் கூட எனக்கு அப்படி ஒரு பாடம் யாரும் எடுக்கவில்லை.

பைபிளில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது தன்னோடு வழக்காடிய யோபு மேல் அல்ல, தனக்கு வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள் மேல்.

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த நம் மறைசாட்சி தேவசகாயத்துக்கு, நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்த நேரத்தில் டிலனாய் சொன்னதும் இந்த யோபு கதையைத்தான். சொன்னவரும் 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத் தலைவர். அடிபட்டவர் அடிபட்டவருக்குச் சொன்னது, மனதில் பிடித்துக்கொண்டது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். பிறகு எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விசுவாசத்தை விடமாட்டேன் என்று தெரிந்தே அவர் தோளில் ஏற்றியது அது. அதைச் சிலுவை என்று சொல்லலாம்.

அதே வடக்கன்குளத்துக் கோவிலுக்குள் பிற்பாடு சாதி பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல்தான் இடித்தார்கள். அந்தப் பக்கம் நின்றவர்களிடமும் யாராவது "ஒப்புக்கொடுங்கள்" என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்?

யோவான் நற்செய்தியில் வரும் கானாவூர்க் கல்யாணத்தைக் கொஞ்சம் எடுத்துப் படியுங்கள். இயேசுவின் தாய் அங்கே இருந்தார் என்றுதான் யோவான் தொடங்குகிறார். அந்தத் தாயின் கணவர் யோசேப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர் அதற்குள் இறந்துவிட்டார் என்பது நம் மரபு. ஆக, கல்யாண வீட்டில் ஒரு கைம்பெண். ஓரமாகவும் நிற்கவில்லை. திராட்சை ரசம் தீர்ந்ததைக் கவனித்தது அவர். மகனிடம் சொன்னது அவர். பணியாளர்களை ஏவியதும் அவர்தான். சகுனம் பார்த்து, சாயங்காலம் சாப்பாட்டுக்கு மட்டும் வா என்று அவரிடம் சொல்லியிருந்தால் அந்த வீட்டார் மானம் அன்றைக்கே போயிருக்கும்.

கூப்பிடாத வீட்டுக்குப் போகாதீர்கள், சரி. ஆனால் கோவில் உங்கள் தம்பி வீடு இல்லையே! காலையிலேயே போய் முன் பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் அந்தப் பெண்ணுக்கு அத்தை. யாராவது வந்து கேட்டால், இந்தச் சாமியார்தான் போகச் சொன்னார் என்று சொல்லுங்கள்.