டிக்கெட்டுக்கு முன்னால் தடுப்பூசி: கென்யா பயணம், வாசகர் கேள்வி பதில்

மே மாத விடுமுறையில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நானும் மனைவியும், 12 வயது மகள், 6 வயது மகன். டிராவல்ஸ்காரர் நல்ல தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார். பணம் கட்டிவிடலாமா?
*வாசகர், வேளச்சேரி*

தள்ளுபடி எதனால் என்று முதலில் பாருங்கள். மார்ச் முதல் மே வரை கென்யாவில் பெருமழைக் காலம். ஏப்ரலில் உச்சம். மாராவில் பல இடங்கள் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழையில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற லேண்ட் குரூஸரே புதைந்து நின்றுவிடும், இன்னொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை குழந்தைகளோடு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இறங்கி நடக்கவும் முடியாது, அது சிங்கங்கள் திரியும் காடு. புல்லும் ஆளுயரம் வளர்ந்திருக்கும். படுத்திருக்கும் விலங்கு பக்கத்தில் இருந்தாலும் கண்ணில் படாது.

சென்னைப் பள்ளிகளின் நாட்காட்டிக்கு நன்றாகப் பொருந்துவது காலாண்டு விடுமுறைதான். தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வரும் வில்டிபீஸ்ட் (மான் இன விலங்கு) கூட்டம் பொதுவாக ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை மாராவில் மேயும். செப்டம்பர் கடைசியில் போனால் கூட்டத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் அவை ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. கரையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும் கூட்டமும் உண்டு. "கிராஸிங் கியாரண்டி" என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம்.

அரையாண்டு விடுமுறையும் மோசமில்லை. வில்டிபீஸ்ட் தெற்கே போயிருக்கும், ஆனால் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் ஆண்டு முழுக்க மாராவாசிகள். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் அறை வாடகைதான் எகிறும்.

கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவையில்லை என்கிறார் ஏஜென்ட். கட்டாயம் என்கிறார் நண்பர். எது சரி?
*வாசகி, அண்ணா நகர்*

இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி சரி. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. அதனால் இங்கிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா சான்று கேட்பதில்லை. கேட்பது நம்முடைய அரசு, அதுவும் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து செல்லுபடியாகும் சான்று இல்லாமல் வந்து இறங்கினால், விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். அந்தக் கணக்கு கென்யாவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து தொடங்குகிறது. துபாயில் இரண்டு நாள் தங்கி வந்தாலும் தப்ப முடியாது.

நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. டெங்குவைத் தருவது அதேதான். கிருமி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பரவ வழி தயார் என்பதால்தான் இந்தக் கெடுபிடி.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் ஊசி போடுகிறார்கள். நினைத்த நேரத்தில் போய் நின்றால் நடக்காது. மருந்து பலருக்குச் சேர்த்து ஒரே குப்பியில் வருகிறது, திறந்து கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் நாள் குறித்து, பெயர் பதிவு செய்து, ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். கையிருப்பு தீர்ந்துபோகும் காலமும் வரும். அசல் பாஸ்போர்ட்டும் நகலும் எடுத்துப் போங்கள்.

சான்று செல்லுபடியாவது ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான். செப்டம்பர் 26 கிளம்புவதாக இருந்தால் 15-ஆம் தேதிக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும். அது கடைசிக் கெடு. ஆகஸ்டிலேயே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 10 ஆண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016-லேயே போய்விட்டது.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. தட்டம்மை, சின்னம்மை போன்ற இதே வகை ஊசிகளை அதே நாளில் போடலாம், இல்லாவிட்டால் 4 வார இடைவெளி வேண்டும். குழந்தை மருத்துவரிடம் அட்டவணையைக் காட்டிவிட்டு நாள் குறியுங்கள். 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடுவதில்லை. முட்டை ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள், ஸ்டீராய்டு போன்று எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சான்றான மஞ்சள் அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, இனிஷியலை விரித்து எழுதியதில் எழுத்து மாறியிருக்கிறதா, மருந்தின் தொகுதி எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா? வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு நாள் அலைச்சல்.

அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. அவரையும் கூட்டிப் போக ஆசை. அந்த ஊசி போடலாமா?
*வாசகர், மேற்கு மாம்பலம்*

சர்க்கரை மட்டும் தடையல்ல. வயதுதான் யோசிக்க வைக்கிறது. 60-க்கு மேல் முதல்முறையாக இந்த ஊசியைப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு அரிது என்றாலும், இளையவர்களைவிட வாய்ப்பு அதிகம். அம்மாவின் மருந்துச் சீட்டோடு அவரது வழக்கமான டாக்டரைப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் விலக்குச் சான்று வாங்கலாம், ஆனால் அதைக் காட்டினாலும் திரும்பும்போது தனிமையில் வைக்கப்பட வாய்ப்பு உண்டு.

எங்கள் கருத்து: டாக்டர் தயங்கினால் இடத்தை மாற்றுங்கள், அம்மாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். மொரிஷியஸ் வெப்பமண்டல நாடுதான், மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை, இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு முன்விசாவும் தேவையில்லை. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு. அம்மாவுக்கு அங்கே அந்நியமாகத் தோன்றாது. சிங்கத்துக்குப் பதில் கடல், அவ்வளவுதான்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் குடும்பத்தில் மிக மூத்தவருக்கும் மிக இளையவருக்கும் ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்பது, பிறகு பாஸ்போர்ட், அதன் பிறகுதான் டிக்கெட். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு கேன்சலேஷன் கட்டணம் கட்டுகிறார்கள்.

விசா எப்படி எடுப்பது?
*வாசகி, பெரம்பூர்*

2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இடிஏ என்ற மின்னணு அனுமதி. ஆளுக்கு 30 டாலர், அதன்மேல் சிறு சேவைக் கட்டணம். கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். குறைந்தது மூன்று வேலை நாள் ஆகும், இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், இரண்டு மடங்கு வாங்குவார்கள். முகவரி கென்ய அரசுக்குரிய "கோ டாட் கேஇ" (.go.ke) என்று முடிகிறதா என்று பாருங்கள்.

பெற்றோர் கோட்டை விடுவது பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில். சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான். தங்களுடையது 10 ஆண்டு என்பதால் பிள்ளைகளுடையதும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். போகும் நாளிலிருந்து 6 மாதமாவது மீதி இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டுமானால், சாலிகிராமமோ அமைந்தகரையோ தாம்பரமோ எந்த பாஸ்போர்ட் சேவை மையமானாலும், ஊசிக்கு முன்பே அந்த வேலையை முடியுங்கள். மஞ்சள் அட்டையில் புது பாஸ்போர்ட் எண் ஏறட்டும்.

ஆறு நாளில் அம்போசெலி, நகுரு, மாரா மூன்றும் காட்டுவதாக ஒரு பேக்கேஜ். விலையும் குறைவு. வாங்கலாமா?
*வாசகர், குரோம்பேட்டை*

ஆறு நாளில் பாதி வண்டியிலேயே போய்விடும். நைரோபியிலிருந்து மாராவுக்கு மட்டும் 5 முதல் 6 மணி நேரம். அம்போசெலி தெற்கே, தான்சானியா எல்லையில், நகுரு வடமேற்கே. குழந்தைகளோடு போகிறவர்கள் மாராவில் மூன்று இரவு, போகும் வழியிலோ வரும் வழியிலோ நைவாஷா ஏரியில் ஒரு இரவு என்று வைத்துக்கொண்டால் போதும். நைவாஷாவில் படகில் போய் நீர்யானை பார்க்கலாம், நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். நைரோபியில் ஒரு காலை மிச்சமிருந்தால் ஷெல்ட்ரிக் யானைக்குட்டிக் காப்பகம். 11 மணிக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி, முன்பதிவு வேண்டும்.

விலை குறைவு என்றால் எதைச் சேர்க்கவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பூங்காக் கட்டணமாக இருக்கும். மாராவில் வெளிநாட்டவர் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. 9 முதல் 17 வயது வரை 50. அதற்குச் சிறியவர்களுக்கு இல்லை. இரண்டு பெரியவர், 12 வயதில் ஒன்று, 6 வயதில் ஒன்று என்றால் செப்டம்பரில் ஒரு நாளைக்கு 450 டாலர். மூன்று நாளுக்கு 1,350. சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான். உள்ளே தங்கியவர் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் அந்த நாளுக்கும் பணம் கேட்பார்கள். கட்டணம் மாறக்கூடியது, எனவே கொட்டேஷனில் தொகையை எழுதி வாங்குங்கள்.

அடுத்து வண்டி. மினிவேனா லேண்ட் குரூஸரா, கூரை தூக்குகிற வகையா, ஆளுக்கொரு ஜன்னல் உண்டா, உங்கள் குடும்பத்துக்கு மட்டுமா, வேறு யாரும் ஏறுவார்களா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். தெரியாதவர்களோடு போகும் வண்டியை 6 வயதுப் பையனுக்காக ஓரம் கட்டச் சொல்லவே சங்கடமாக இருக்கும்.

நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போனால் சாலைப் பயணம் மிச்சம். ஆனால் ஆளுக்கு 15 கிலோதான், கைப்பை உட்பட, அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை அதன் சரக்கறையில் திணிக்க முடியாது.

வெளிநாட்டுப் பேக்கேஜை இங்குள்ள நிறுவனத்தில் வாங்கினால் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். அது செலவல்ல, பான் எண்ணைச் சரியாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
*வாசகி, மயிலாப்பூர்*

கவலையே வேண்டாம். தலைமுறைகளாகக் குஜராத்திகள் வாழும் ஊர் நைரோபி. சப்பாத்தியும் டீயும் கென்யர்களின் அன்றாட உணவாகிவிட்டன. சோளமாவுக் களியான உகாலி, சுகுமா கீரைப் பொரியல், சோளமும் பீன்ஸும் வேகவைத்த கிதேரி எல்லாம் சைவம்தான், கீரையில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றவில்லையா என்று மட்டும் கேளுங்கள். காட்டு விடுதியில் முன்பதிவின்போதே "மீனும் கூடாது" என்று எழுதிவிடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் பெரிய பெட்டியில் வையுங்கள். பழம், விதை, கறிவேப்பிலை வேண்டாம்.

எதையும் பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் கைப்பிடிப் பிளாஸ்டிக் பை தடை, தண்டனையும் கடுமை. நம் மஞ்சப்பையும் எவர்சில்வர் டப்பாவும் போதும்.

மலேரியா மாத்திரை அவசியமா? ஸ்வெட்டர் வேண்டுமா?
*வாசகர், திருவான்மியூர்*

இரண்டும் வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகே என்றாலும் நைரோபி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், மாரா 1,500-க்கு மேல். விடியற்காலை திறந்த கூரை வண்டியில் நம் ஊர்க் குழந்தைகள் நடுங்கிவிடுவார்கள். கறுப்பு, கருநீல உடைகள் கடிக்கும் செட்சி ஈயை இழுக்கும், காக்கி அல்லது மங்கிய பச்சை எடுங்கள்.

மாத்திரையை டாக்டர்தான் எழுத வேண்டும். அட்டோவாகோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பிறகும் 7 நாள். ஊர் வந்ததும் நிறுத்திவிடுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். டாக்ஸிசைக்கிளின் 8 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டெங்கு பரிசோதனையோடு நிற்க வேண்டாம். "கென்யா போய் வந்தோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஆப்பிரிக்காவில் அதிகம் பரவும் ஃபால்சிபரம் வகை ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மகன் டிரோன் எடுத்து வரலாமா என்கிறான்.
*வாசகர், அடையாறு*

வேண்டாம். முன் அனுமதி இல்லாத டிரோனை நைரோபி விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தக் காசில் எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இரண்டு வாங்குங்கள். ஒன்று போதாது, சிறுத்தை தெரியும் நேரத்தில் சண்டை வரும். நம் சார்ஜர் அங்கே செருகாது; 240 வோல்ட்தான், ஆனால் பிரிட்டிஷ் வகைச் சதுர முள் பிளக். அடாப்டர் இரண்டு எடுத்துப் போங்கள். பவர் பேங்க் கைப்பையில்.