ஷேடு கார்டில் இளமஞ்சள், சுவரில் கடுமஞ்சள்: மற்ற அறைகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: ஷேடு கார்டு (பெயிண்ட் நிற மாதிரி அட்டை) பார்த்து ஹாலுக்கு இளமஞ்சள் அடித்தோம். நான்கு சுவரும் கண்ணைக் கூசவைக்கின்றன. பெயிண்டர் தவறாகக் கலந்துவிட்டாரா? படுக்கையறை, சமையலறை, ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை ஆகியவை பாக்கி. அவற்றுக்கு எப்படி நிறம் தேர்ந்தெடுப்பது?

பதில்: கலவை சரியாகவே இருந்திருக்கலாம். மஞ்சள் சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் விழும், அங்கிருந்து திரும்பி வரும். இப்படியே நிறம் ஏறிக்கொண்டே போகும். அதனால் கார்டில் பிடித்த நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை, கொஞ்சம் சாம்பல் கலந்ததை எடுங்கள்.

ஹாலை முழுவதும் மாற்ற வேண்டாம். முதலில் பல்பைப் பாருங்கள். மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பு மஞ்சளை இன்னும் ஏற்றிக் காட்டும். வெள்ளைக்கு நெருங்கிய ஒளி தரும் 4000 கெல்வின் பல்பு போட்டுப் பாருங்கள். அப்படியும் உறுத்தினால் ஒரு சுவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் ஆஃப் ஒயிட் அடித்தால் போதும்.

இனி எந்த அறைக்கும் கார்டை நம்பி டின் வாங்காதீர்கள். தீப்பெட்டி அளவுக் கட்டத்தைக் காட்டி வீட்டுக்கே நிறம் முடிவு செய்யச் சொல்கிறார்கள்! நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. 0 கருப்பு, 100 வெள்ளை. வாங்குபவருக்கு உதவுவது அந்த எண்தான். பல கார்டுகளில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அழகழகான பெயர்கள் மட்டும் பெரிதாக இருக்கின்றன.

ஒரு பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள். நடுவில் மடித்து, அறையின் மூலையில் இரண்டு சுவரிலும் படும்படி நிறுத்துங்கள். மடிப்பின் ஓரத்தில் நிறம் அழுத்தமாகத் தெரியும். அறை முழுக்க அடித்தால் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். காலை, மதியம், இரவு விளக்கில் என மூன்று வேளையும் பாருங்கள்.

சமையலறைக்கு நிறத்தைவிடக் கழுவக்கூடிய, லேசான பளபளப்புள்ள பெயிண்ட்தான் முக்கியம். படுக்கையறைக்குப் பளபளப்பில்லாத மேட் பூச்சில் மங்கலான நிறம் எதுவும் பொருந்தும்.

வெளிறிய நிறம் எடுக்கச் சொன்னதற்கு ஜன்னல் இல்லாத அறைதான் விதிவிலக்கு. சின்ன அறைக்கு வெள்ளை அடித்தால் பெரிதாகத் தெரியும் என்பார்கள். திருப்பி அனுப்ப வெளிச்சம் இருந்தால்தானே? பகல் வெளிச்சம் வராத இடத்தில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். விளக்கு நன்றாக இருந்தால் வெள்ளை அடிக்கலாம். இல்லையென்றால் துணிந்து அடர்த்தியாகப் போங்கள்: கரும்பச்சை, செங்கல் நிறம், ஆழ்ந்த நீலம். கூரைக்கும் அதே நிறம் அடித்தால் மூலைகள் மறைந்து அறையின் எல்லை தெரியாமல் போகும். கூரையை மட்டும் வெள்ளையாக விட்டால் அந்த இடத்தில் வெட்டித் தெரியும்.

அப்புறம், "கடையில் நிறம் கலக்கும் மெஷின் எதற்கு, நானே ஸ்டெய்னர் சாயம் ஊற்றிக் கலந்து தருகிறேன்" என்று சொல்லும் கான்ட்ராக்டரிடம் சரி என்று தலையாட்டாதீர்கள். முக்கால் சுவரில் பெயிண்ட் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது. "வேறு கம்பெனியில் இதே நிறம், விலை குறைவு" என்பதும் அப்படித்தான். கடை விளக்கில் ஒத்துப்போகும் நிறம் வெயிலில் வேறாகத் தெரியலாம். தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டு, நிறம் எடுக்கவில்லை என்று மூன்றாவது கோட்டுக்குக் கூலி கேட்பவர்களும் உண்டு. டின்னை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர் என்று டின்னிலேயே போட்டிருக்கும். காலி டின்களை அவர் எடுத்துப்போகும் முன் ஷேடு எண், பேஸ் (நிறம் கலப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயிண்ட்), பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மூன்றையும் போட்டோ எடுத்துவையுங்கள்.