இன்சூரன்ஸ் இல்லாத தம்பியை மனநல நெருக்கடி மையத்துக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: வாஷிங்டன் மாநிலம் கிங் கவுண்டியில், பாத்தெல்லில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களோடு இருக்கும் என் தம்பி மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஓபிடியில் (படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் சில காலம் வேலை பார்க்கத் தரும் அனுமதி) வேலை தேடுகிறான். கல்லூரி இன்சூரன்ஸ் போன மாதம் முடிந்துவிட்டது. சில வாரங்களாகச் சரியாகத் தூங்குவதில்லை. “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்கிறான். எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனால் ஆயிரக்கணக்கில் பில் வரும் என்று பயமாக இருக்கிறது. எங்கள் சொத்துவரியில் ஒரு பகுதி மனநல நெருக்கடி மையங்களுக்குப் போகிறது என்று நண்பர் சொன்னார். கிரீன் கார்டும் இன்சூரன்ஸும் இல்லாதவனை அங்கே சேர்த்துக்கொள்வார்களா? அந்தச் செலவை யார் கொடுப்பார்கள்?

பதில்: பணத்தைப் பிறகு பேசலாம். இன்று ராத்திரி செய்ய வேண்டியது வேறு.

தம்பியிடம் நேராகவே கேளுங்கள்: “செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?” அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அது தவறு. பெரும்பாலும் கேட்டதும் அவர்களுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும். அவன் ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ தனியாக விடாதீர்கள். வீட்டில் மாத்திரைகள், துப்பாக்கி எது இருந்தாலும் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். தற்கொலை, மனநல நெருக்கடிக்கான உதவி எண் 988ஐ அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அவன் பேச மறுத்தால் அவனுக்காக நீங்களே பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். தேவைப்பட்டால் வீட்டுக்கே ஒரு நடமாடும் குழுவை அனுப்ப ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஏற்கனவே மாத்திரை விழுங்கிவிட்டான், காயப்படுத்திக்கொண்டான் என்றால் மட்டும் யோசிக்காமல் 911. அதற்கு ஆஸ்பத்திரிதான் இடம்.

சரி, மையம். உங்களுக்குப் பக்கத்திலேயே, கிர்க்லண்டின் டோட்டம் லேக் பகுதியில் கனெக்‌ஷன்ஸ் என்ற நிறுவனம் நடத்தும் மையம் 2024இல் திறந்தது. பெரியவர்களுக்கானது, எந்த நேரமும் திறந்திருக்கும். அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், டாக்டர் சீட்டு வேண்டாம், போலீஸ் கூட்டிவர வேண்டியதில்லை. நேராக நடந்து உள்ளே போகலாம். உங்கள் தம்பியைச் சேர்த்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காகவோ விசா என்ன என்பதற்காகவோ திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் இந்த மையங்களின் அடிப்படையே.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் அவனைச் சம்மதிக்க வைப்பது சுலபம். இது கட்டிலும் கம்பிக் கதவுமாக இருக்கும் பழைய மனநல வார்டு இல்லை. முதலில் ஒரு நர்ஸ் உடம்பைப் பரிசோதிப்பார். பிறகு ஒரு ஆலோசகரும், மருந்து எழுதக்கூடிய ஒருவரும் பேசுவார்கள். கூடவே பியர் என்று சொல்லப்படும் உதவியாளர்கள் இருப்பார்கள். அவர்களே ஒரு காலத்தில் இப்படி உடைந்து போய் மீண்டு வந்தவர்கள். என் அனுபவத்தில் இளைஞர்கள் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் இவர்களிடம்தான். பேசி முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் அனுப்புவார்கள். இல்லையென்றால் சாய்வு நாற்காலிகள் போட்ட பெரிய கூடத்தில் 23 மணி நேரம் வரை வைத்துக் கவனிப்பார்கள். 24 மணி நேரத்தைத் தாண்டினால் அது உள்நோயாளிக் கணக்கில் போய்விடும், அதனால்தான் 23. அதற்கும் மேலே தேவைப்படுகிறவர்களுக்கு 14 நாள் வரை தங்கும் பிரிவும் உண்டு.

வாசலில் இன்சூரன்ஸ் கார்டு கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் திரும்பி வந்துவிடும் குடும்பங்கள் உண்டு, நீங்கள் வந்துவிடாதீர்கள். கார்டு இருப்பவர்களிடம் கேட்டு வாங்கி அவர்களுடைய கம்பெனிக்கு பில் அனுப்புவது மையத்தின் கடமை. அப்படி வசூலித்தால்தான் பொதுப் பணம் உங்கள் தம்பி போன்றவர்களுக்கு மிஞ்சும். “இன்சூரன்ஸ் இல்லை, பொது நிதியில் பாருங்கள்” என்று சொல்லுங்கள். கட்டணத்தை நானே ஏற்கிறேன் என்ற படிவம் எதையாவது நீட்டினால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நிதி உதவிக்குப் பொறுப்பானவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

இனி அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. உங்கள் நண்பர் சொன்னது சரிதான். 2023 ஏப்ரலில் கிங் கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய கிரைசிஸ் கேர் சென்டர்ஸ் லெவி (நெருக்கடி மையங்களுக்கான கூடுதல் சொத்துவரி) அது. 2024 முதல் 2032 வரை ஒன்பது ஆண்டு. முதல் ஆண்டில் ஒவ்வொரு 1,000 டாலர் வீட்டு மதிப்புக்கும் 14.5 சென்ட், அதாவது பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 145 டாலர். ஒன்பது ஆண்டில் சுமார் 125 கோடி டாலர் சேரும் என்பது கணக்கு. ஐந்து மையங்கள் வர வேண்டும், அதில் ஒன்று சிறார்களுக்கு. கிர்க்லண்ட் மையம் முதலில் மாநில அரசும் சுற்றியுள்ள ஊர்களும் போட்ட பணத்தில் எழுந்தது. லெவி அப்புறம் வந்து சேர்ந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் இருக்கும்போது வரி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் தெரிந்தால் மீதி எல்லாம் புரியும். இன்சூரன்ஸும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டும் வந்த ஆளுக்குத்தான் பணம் தரும். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் வராவிட்டாலும் நர்ஸ் இருக்க வேண்டும், மருந்து எழுதுபவர் இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு அணைத்த தீயை எண்ணிச் சம்பளம் கொடுத்தால் எத்தனை நாள் நடக்கும்? நெருக்கடி மையமும் அப்படித்தான். காத்திருப்பதற்குக் கூலி கொடுக்க ஆள் வேண்டும். அதை வரிதான் செய்ய முடியும்.

இதை அமெரிக்கா ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. 1963 அக்டோபரில் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுக்க 1,500 சமூக மனநல மையங்கள் என்று கனவு கண்டது. பாதி அளவுதான் எழுந்தன. கட்டடத்துக்குப் பணம் இருந்தது. ஊழியர் சம்பளத்துக்கு வந்த ஃபெடரல் உதவியோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகும்படி எழுதப்பட்டிருந்தது. 1981இல் ரீகன் அரசு மிச்சத்தையும் வெட்டி, ஒரே மானியமாகச் சுருட்டி மாநிலங்களிடம் கொடுத்தது. இன்றும் எந்த ஊரில் புது மையம் அறிவித்தாலும் நான் முதலில் பார்ப்பது கட்டடத்துக்கு எவ்வளவு என்பதை அல்ல, ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதைத்தான். ஒன்பது ஆண்டு லெவி என்பது அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் 2032க்குப் பிறகு என்ன என்பதை மக்கள்தான் மறுபடி ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும்.

லெவி ஒன்றே எல்லாவற்றையும் சுமப்பதில்லை. உங்கள் செல்போன் பில்லில் ஒவ்வொரு இணைப்புக்கும் மாதம் 40 சென்ட் 988க்காக மாநிலம் எடுக்கிறது. கவுண்டியில் நீங்கள் வாங்கும் பொருளுக்குக் கட்டும் விற்பனை வரியில் பத்து டாலருக்கு ஒரு சென்ட் மனநலத்துக்கும் போதைச் சிகிச்சைக்கும் போகிறது. அதாவது உங்கள் தம்பியும் இங்கே விற்பனை வரி கட்டி ஏதாவது வாங்கியிருந்தாலும், போன் வைத்திருந்தாலும், இந்த ஏற்பாட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறான். அவன் யாரிடமும் கை நீட்டவில்லை.

ஆஸ்பத்திரி பில் பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் இருக்கிறது. எமர்ஜென்சிக்கே போக நேர்ந்தால், பணம் இல்லை என்று பரிசோதிக்காமல் அனுப்புவது 1986 முதல் ஃபெடரல் சட்டத்துக்கு விரோதமானது. வாஷிங்டனில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. வருமானம் குறைந்தவர்களின் ஆஸ்பத்திரி பில்லைத் தள்ளுபடி செய்யச் சொல்லும் சேரிட்டி கேர் சட்டத்தை 2022இல் விரிவாக்கினார்கள். வறுமைக் கோட்டின் 300 சதவீதத்துக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்கள் முழு பில்லையும் தள்ளுபடி செய்ய வேண்டும். குடியுரிமை அதற்கு நிபந்தனை இல்லை. வேலை இல்லாத உங்கள் தம்பிக்கும் இது கிடைக்கலாம், ஆனால் விண்ணப்பம் போட வேண்டும். பில் வந்து கலெக்‌ஷனுக்குப் போகும் வரை அதைப் பிரிக்காமலே வைத்திருப்பதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு.

இதைப் படிக்கும், வேலையும் இன்சூரன்ஸும் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நெருக்கடி மையத்தில் கிடைக்கும் சிகிச்சையையும் எமர்ஜென்சி சிகிச்சையாகவே கருத வேண்டும் என்று இந்த மாநிலம் 2022இல் சட்டம் திருத்தியது. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட பாலிசி என்றால் முன் அனுமதி கேட்க முடியாது, நெட்வொர்க்கில் இல்லை என்று மிச்சத்தை உங்கள் தலையில் கட்டவும் முடியாது.

விசா. சிகிச்சை பெற்றதைக் குடியேற்றத் துறைக்கு மையம் தானாக எழுதி அனுப்பாது. மருத்துவ ரகசியம் எல்லோருக்கும் பொதுவானது. கிரீன் கார்டு கேட்பவர் அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும் 2022 விதி எண்ணியது முக்கியமாக ரொக்க உதவியையும், அரசுச் செலவில் நீண்ட காலம் ஒரு நிலையத்தில் தங்குவதையும்தான். இந்த விதிகள் அரசுக்கு அரசு மாறுபவை, எனவே பிற்பாடு கிரீன் கார்டுக்குப் போகும்போது வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்காக இன்று ராத்திரி காத்திருக்காதீர்கள்.

அவன் கொஞ்சம் தெளிந்ததும் காலண்டரைப் பாருங்கள். கல்லூரி இன்சூரன்ஸ் முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மாநிலத்தின் இன்சூரன்ஸ் வாங்கும் இணையதளமான வாஷிங்டன் ஹெல்த்பிளான்ஃபைண்டரில் புதுத் திட்டம் எடுக்கலாம். எஃப்-1 மாணவர் விசாவில் ஓபிடியில் இருப்பவரும் எடுக்கலாம். மையத்தில் ஒரு வாரம் பார்த்தால் போதாது, அதன் பிறகு மாதக்கணக்கில் ஆலோசகர் தேவைப்படுவார், அந்தச் செலவு முழுக்க லெவியில் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். போன மாதம் முடிந்தது என்கிறீர்கள். எந்தத் தேதி என்று பாருங்கள். அவனால் படிவம் நிரப்ப முடியாது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நிரப்பிக்கொடுங்கள்.